ஏற்றம் ஏறி நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாத பழைய இன்ஜெக்ஷன் கார்: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

#1 மலைப்பாதை

எஞ்சின் டொயோட்டா 5ஏ-எஃப்இ, 1.5 லிட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிடும் பாகம்) உள்ளது. 1990களின் நடுப்பகுதி வண்டி. காலையில சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட். கித்துல்கலையில இருந்து கினிகத்தேனை ஏற்றம் ஏறி மலைநாட்டு ஹட்டன் டவுன்ல நிறுத்தினா, ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள திரும்ப அடிச்சா பிரச்சினை இல்லை. இருபது நிமிஷம் கழிச்சு அடிச்சா ஸ்டார்ட்டர் நல்லா சுத்துது, எஞ்சின் பிடிக்கல. ரெண்டு மணி நேரம் விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. கொழும்புப் பக்கம் இந்தத் தொல்லை குறைவு.

பிளக், பெட்ரோல் ஃபில்டர் புதுசு. கராஜ்ல "மேல காத்து இல்ல, பெட்ரோல் ஆவியாகுது, பம்பை மாத்துங்க"ன்னு சொல்றாங்க. பம்ப் வாங்குறதுக்கு முன்னாடி எதையெல்லாம் சோதிக்கணும்?

#2 பிளக்_ஸ்பனர்

பம்பைத் தொடாதீங்க தம்பி. நீங்க எழுதின நேரக்கணக்கே பாதி வேலையை முடிச்சிருக்கு.

எஞ்சினை நிறுத்தியதும் கூலன்ட் ஓட்டம் நிற்கிறது, ரேடியேட்டர் விசிறியும் நிற்கிறது. ஆனால் சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய சூடு எங்கும் போகவில்லை. இன்டேக் மேனிஃபோல்ட் (காற்று உள்ளே போகும் குழாய்கள்), பெட்ரோல் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்), இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்), டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாவற்றிலும் அது மெதுவாக ஏறுகிறது. நிறுத்தி 15 முதல் 30 நிமிடத்துக்குள் பொனட்டுக்குக் கீழே இருக்கும் சூடு, ஓடும்போது இருந்ததைவிட அதிகம். உடனே அடித்தால் பிடிப்பதும், இருபது நிமிடத்தில் பிடிக்காததும், ஆறிய பின் பிடிப்பதும் அதனால்தான். இனி கேட்க வேண்டியது ஒரே கேள்வி: பிடிக்காத அந்த நேரத்தில் எது இல்லை? ஸ்டார்ட்டரின் சுழற்சியா, பிளக்கின் நெருப்பா (ஸ்பார்க்), பெட்ரோலா? அல்லது பெட்ரோல் கூடிப்போனதா? ஆறிய பிறகு செய்யும் சோதனை எல்லாம் வீண். பிடிக்காமல் நிற்கும்போதே செய்யணும். அதற்குத் தேவையானதை டிக்கியில் வைத்திருங்கள்: ஒரு நல்ல பிளக், ஒரு ஜம்பர் வயர், மல்டிமீட்டர், பழைய துணி.

சுழற்சி உங்களிடம் நல்லா இருக்கிறது, அதை விடுங்க.

நெருப்பு: நாலு இன்ஜெக்டர் சொக்கெட்டையும் கழற்றிவிடுங்க, இல்லாவிட்டால் சோதிக்கும்போதே பெட்ரோல் நிரம்பிவிடும். ஒரு பிளக் வயரில் மேலதிக பிளக்கை மாட்டி, அதன் உடம்பை எஞ்சின் இரும்போடு ஜம்பரால் இறுக்கிக் கட்டி அடிக்கச் சொல்லுங்க. நீல நிறத்தில் டக் டக் என்று பாய்ந்தால் நெருப்பு உண்டு. வயரை வெறுமனே காற்றில் தொங்கவிட்டு அடிக்காதீங்க, இக்னிட்டர் (நெருப்பை எழுப்பும் மின்னணுப் பாகம்) போகும். அடிக்கும்போது மீட்டர் பலகையில் ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா என்றும் பாருங்க. முள் செத்துக் கிடந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் அல்லது இக்னிட்டர் பக்கம் சந்தேகம் போகும்.

பெட்ரோல்: அடித்த பிறகு சைலன்சரில் பெட்ரோல் வாடை வருகிறதா? பிறகு ஆக்சிலேட்டரை அடிமட்டும் மிதித்தபடி அடியுங்கள். பல ஈசியூக்கள் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) அப்போது இன்ஜெக்டரை நிறுத்திவிடும். நிறுத்தாதவற்றிலும் காற்றாவது கூடுதலாகப் போகும். அப்படிப் பிடித்துக் கறுப்புப் புகை தள்ளினால் பெட்ரோல் கூடிப்போயிருக்கிறது. வாடையே இல்லாமல், பிடித்த பின் பத்துப் பதினைந்து விநாடி தடுமாறிச் சீரானால், ரெயிலில் பெட்ரோலுக்குப் பதில் ஆவி இருந்திருக்கிறது.

இந்த ரெண்டும் எதிரெதிர். எது என்று தெரியாமல் பார்ட்ஸ் வாங்கவே வாங்காதீங்க.

#3 ரம்பொடை_வளைவு

ஆவிப்பிரச்சினையை அப்படித் தள்ளிவிட முடியாது அண்ணே. புசல்லாவையிலிருந்து ரம்பொடை ஏறும் வண்டிகள் இரண்டாம் கியரில் ஊர்ந்து வரும். முன்னால் லொறி. ரேடியேட்டருக்குக் காற்று இல்லை. இந்த வகை எஞ்சினில் மிஞ்சிய பெட்ரோல் ரெயிலில் சூடேறி ரிட்டர்ன் லைன் வழியாகத் திரும்ப டேங்குக்குப் போகும். டேங்கில் கால்வாசிக்குக் கீழே இருந்தால் அந்தக் கொஞ்சப் பெட்ரோலே சுற்றிச் சுற்றிச் சூடாகும். பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் ஏற்கெனவே குறைவு, அதில் மலை உயரமும் சேர்ந்தால் பம்ப் ஆவியை இழுக்கத் தொடங்கும். பம்பின் அடியில் உள்ள வலையில் சேறு படிந்திருந்தால் இன்னும் மோசம். ஏறும் முன் அரை டேங்குக்கு மேல் வைத்திருப்பது நல்லது.

#4 பழைய_பெட்ரோல்

நீங்கள் சொன்னது டேங்க் பக்கத்துக்குச் சரி. ஆனால் அந்தக் கோளாறு ஓடும்போதே காட்டும்: ஏற்றத்தில் இழுவை போகும், பம்ப் முனகும். நிறுத்தி இருபது நிமிடத்துக்குப் பின் மட்டும் வரும் தொல்லைக்கு ரெயிலைத்தான் பார்க்க வேண்டும்.

காற்றழுத்தக் கணக்கைப் பார்ப்போம். கடல் மட்டத்தில் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். ஹட்டனில் சுமார் 87, நுவரெலியாவில் சுமார் 81. கார்பரேட்டர் வண்டியில் மிதவைக் கிண்ணம் திறந்த வெளியோடு தொடர்புள்ளது. அதனால் அங்கே உயரமும் சூடும் நேரே பெட்ரோலைக் கொதிக்க வைக்கும். இன்ஜெக்ஷனில் அப்படி இல்லை. எஞ்சின் நின்ற பிறகும் ரெயிலுக்குள் அழுத்தம் அடைபட்டு நிற்க வேண்டும். 5ஏ-எஃப்இ வகை டொயோட்டா எஞ்சின்களுக்குக் கையேட்டு அளவு: நிறுத்தி 5 நிமிடத்துக்குப் பின்னும் 147 கிலோபாஸ்கல், அதாவது 21 பிஎஸ்ஐ, குறையாமல் இருக்க வேண்டும். அந்த அழுத்தம் நிற்கும்வரை சூடான ரெயிலிலும் பெட்ரோல் திரவமாகவே இருக்கும். வடிந்துவிட்டால்தான் ஆவி. ஆகவே "மேலே காற்று இல்லை" என்பது நோயின் பெயர் அல்ல. அழுத்தம் எங்கே வடிகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மலைநாட்டில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். கையேட்டு அளவுகள் பல கடல் மட்டத்துக்கு எழுதப்பட்டவை. அதை அப்படியே நுவரெலியாவில் பிடித்துக்கொண்டு நல்ல பார்ட்ஸைக் கழற்றி எறிகிறார்கள்.

மேப் சென்சர் (மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது): எஞ்சின் ஓடாமல் சாவி ஓனில் இருக்கும்போது கடல் மட்டத்தில் 3.3 முதல் 3.9 வோல்ட் வரும். நுவரெலியாவில் அதைவிட 0.6 வோல்ட் அளவு குறையும். அங்கே 3.0 வோல்ட் காட்டினால் சென்சர் நன்றாக இருக்கிறது என்று பொருள். மாறாக கொழும்பு அளவையே அங்கேயும் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஐட்லிங்கில் பெட்ரோல் அழுத்தம்: ரெகுலேட்டரின் (ரெயிலின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகம்) வேக்கம் ஹோஸை, அதாவது மேனிஃபோல்டோடு இணைக்கும் ஹோஸை, கழற்றினால் 265 முதல் 304 கிலோபாஸ்கல். இது மேலேயும் கீழேயும் ஒன்றுதான். ஹோஸ் மாட்டிய நிலையில் 206 முதல் 255 என்று கையேடு சொல்லும். மேலே வெளிக்காற்றழுத்தம் குறைவு என்பதால் மேனிஃபோல்டின் வேக்கமும் கேஜில் குறைவாகவே காட்டும். அதனால் அதே வண்டி நுவரெலியாவில் 20 கிலோபாஸ்கல் வரை கூடுதலாகக் காட்டும். அது ரெகுலேட்டர் கோளாறு அல்ல.

கொதிநீரும் அப்படித்தான். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவில் கொதித்துவிடும். சென்சரைக் கொதிநீரில் போட்டு "100 பாகையில் இவ்வளவு ஓம் வரணும்" என்று பார்த்தால் கணக்குத் தவறும். தெர்மோமீட்டர் வைத்து 80 பாகையில் பாருங்கள்.

#5 வயரிங்_அண்ணன்

மின்சாரப் பக்கத்தை நான் சொல்றேன். இதுல ஒண்ணொண்ணும் சூட்டுல மட்டும் விளையாட்டுக் காட்டுற சாமான்.

முதல்ல கூலன்ட் டெம்பரேச்சர் சென்சர். ரெண்டு வயர் உள்ளதுதான் ஈசியூவுக்குப் போறது. ஒரு வயர் உள்ளது மீட்டர் முள்ளுக்கு. முள் சரியாக் காட்டுதுன்னு சென்சரை நல்லதுன்னு சொல்லக் கூடாது, ரெண்டும் வேற. சொக்கெட்டைக் கழற்றி சென்சர்ல ஓம் பாருங்க: 20 பாகையில 2 முதல் 3 கிலோஓம், 80 பாகையில 0.2 முதல் 0.4 கிலோஓம். எஞ்சின் சூடா இருக்கும்போது 1.5 கிலோஓம் காட்டினா, எஞ்சின் குளிரா இருக்குன்னு நினைச்சு ஈசியூ பெட்ரோலை அள்ளி ஊத்தும். சொக்கெட் பின்னுல பச்சைப் பூஞ்சணம் பிடிச்சாலும் இதே பலன்தான். மேல மழையும் மூடுபனியும் இருக்கிறதால சொக்கெட்டைக் கழற்றாம விடவே கூடாது. காலையில நல்லா ஸ்டார்ட் ஆகி, சூட்டுல மட்டும் நிரம்பினா நான் முதல்ல தொடுற இடம் இதுதான்.

ரெண்டாவது டிஸ்ட்ரிபியூட்டர் பிக்கப் கொயில், எஞ்சின் சுத்துறதை ஈசியூவுக்குச் சொல்றது. இந்த வகையில ஜி, என்இன்னு ரெண்டு உண்டு. ஜி கொயில் ஆறினபோது 185 முதல் 275 ஓம், சூட்டுல 240 முதல் 325. என்இ கொயில் ஆறினபோது 370 முதல் 550, சூட்டுல 475 முதல் 650. சூட்டுல முடிவே இல்லாத அளவு காட்டினா உள்ள கம்பி விட்டிருக்கு. பிடிக்காத நேரத்துல ஈரத்துணியை நல்லாப் பிழிஞ்சு டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புல சுத்தி அஞ்சு நிமிஷம் வச்சுப் பாருங்க. பிடிச்சா திசை தெரிஞ்சுரும். தண்ணியை ஊத்தாதீங்க, மூடிக்குள்ள போகும்.

நிசான் ஜிஏ எஞ்சின் வச்சிருக்கிறவங்களுக்கு: அதுல உள்ளே இருக்கிறது கொயில் இல்ல, ஒளியில வேலை செய்ற சென்சர். பவர் டிரான்சிஸ்டரும் அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள. தண்டு சீல் போய் எண்ணெய் உள்ள வந்தா ரெண்டுமே சூட்டுல நிக்கும். மூடியைக் கழற்றி எண்ணெய் ஈரம் இருக்கான்னு பாருங்க.

பழைய ஹொண்டால டாஷ்போர்டுக்குக் கீழ உள்ள மெயின் ரிலே (பம்புக்கும் ஈசியூவுக்கும் மின்சாரம் விடுற சுவிட்ச்). வெயில்ல நிறுத்தி, கேபின் சூடேறினா சோல்டர் வெடிப்பு விலகும். சாவி ஓன் பண்ணினதும் ரெண்டு விநாடி பம்ப் சத்தம் கேட்கணும். கேட்கலைன்னா ரிலேயைத் திறந்து, பெரிய பின்களைச் சுத்தி வட்டமா வெடிப்பு இருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க. திரும்ப சோல்டர் பிடிச்சா போதும். பழைய டொயோட்டாக்கள் பலதுல சாவி ஓன்ல பம்ப் ஓடாது, அடிக்கும்போதுதான் ஓடும். அதைக் கேட்டுட்டு ரிலே போச்சுன்னு முடிவு கட்டாதீங்க.

ஸ்டார்ட்டரே சுத்தாம "டக்"னு மட்டும் கேட்டா அது வேற கதை. ஸ்டார்ட்டர்ல 50ன்னு குறிக்கிற முனையில (சாவியில இருந்து வர்ற வயர்) சாவி திருப்பும்போது வோல்ட் பாருங்க. 8க்கு மேல வந்தும் சுத்தலைன்னா சொலினாய்ட் உள்ளே செப்புத் தட்டு தேஞ்சிருக்கு. 8க்குக் கீழன்னா சாவி சுவிட்ச், வயர், பூமி இணைப்பைப் பாருங்க.

#6 மலைப்பாதை

ஹட்டன்ல பிடிக்காத நேரத்துல பார்த்த அளவுகள்: நெருப்பு நீலமா இருக்கு. ஆர்பிஎம் முள் அசையுது. டெம்பரேச்சர் சென்சர் 0.31 கிலோஓம், சொக்கெட் சுத்தம். சைலன்சர்ல பெட்ரோல் வாடை பலமா இருக்கு. அடிமட்டும் மிதிச்சு அடிச்சா பிடிக்குது, கறுப்புப் புகை.

#7 பிளக்_ஸ்பனர்

அப்போ மின்சாரப் பக்கம் முடிஞ்சது. பெட்ரோல் கூடிப்போகுது, ஆனா ஈசியூ ஊற்றல. வழிகள் மூணு: ரெகுலேட்டர் டயப்ரம் (உள்ளே உள்ள சவ்வு) கிழிஞ்சு வேக்கம் ஹோஸ் வழியா பெட்ரோல் மேனிஃபோல்டுக்குள் போகலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம், சில வண்டிகளில் சார்கோல் கானிஸ்டரின் (டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) பர்ஜ் வால்வு மூடாமல் டேங்க் ஆவியை உள்ளே விடலாம். கடைசி வகை, பெட்ரோல் செட்டில் டேங்கை முட்ட நிரப்பிய உடனே அதிகம் காட்டும். பர்ஜ் ஹோஸை மேனிஃபோல்ட் பக்கம் கழற்றி இரண்டு முனையையும் அடைத்து ஒரு ஏற்றம் ஓடினால் தெரிந்துவிடும். ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்க. உள்ளே ஈரம் இருந்தால் வேறு சோதனையே வேண்டாம், ரெகுலேட்டரை மாற்றுங்க.

இல்லை என்றால் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் கேஜ் போடணும். முதலில் அழுத்தத்தை இறக்குங்க: பம்ப் சொக்கெட்டைக் கழற்றி எஞ்சினை ஓடவிட்டால் தானாக நிற்கும், மறுபடி இரண்டு மூன்று தரம் அடியுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. ஃபில்டரின் மேல் போல்ட்டில் கேஜைப் பொருத்தும்போது இரண்டு வொஷரும் புதியதாக இருக்கணும், இறுக்கம் 29 நியூட்டன் மீட்டர். பழைய வொஷரைத் திருப்பிப் போட்டால் ஒழுகும், கீழே சூடான எஞ்சின். தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையில் கை வைக்காதீங்க.

பொனட்டுக்குள் உள்ள டயக்னோசிஸ் பெட்டியில் +பி (+B), எஃப்பி (FP) என்ற இரண்டு முனையை வயரால் இணைத்துச் சாவி ஓன் பண்ணினால் எஞ்சின் ஓடாமலே பம்ப் ஓடும். மூடியின் உள்பக்கப் படத்தைப் பார்த்து இணையுங்கள், முனை மாறினால் ஃபியூஸ் போகும்.

சூடான எஞ்சினை நிறுத்தி 5 நிமிடம் பாருங்க. வடிந்தால், மறுபடி அழுத்தம் ஏற்றி, நிறுத்திய கணமே ரிட்டர்ன் ஹோஸை நசுக்குங்க. அழுத்தம் நின்றால் ரெகுலேட்டர். நிற்காவிட்டால் அடுத்து பம்ப் பக்கத்து ஹோஸையும் நசுக்கி அடைத்துவிடுங்கள். அப்போது நின்றால் பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு. இரண்டையும் அடைத்தும் வடிந்தால், வெளியே ஈரம் இல்லாத பட்சத்தில் போக இடம் ஒன்றுதான்: இன்ஜெக்டர்.

#8 மலைப்பாதை

பம்ப் பக்க ஹோஸை நசுக்கப் பயமா இருக்கு. இருபது வருஷத்துக்கு மேல் பழசு. வேற வழி இருக்கா?

#9 பழைய_பெட்ரோல்

பயம் நியாயமானது, அந்த ஹோஸை நசுக்கவே கூடாது. அழுத்தம் கூடிய பக்கம் அது. உள் அடுக்கு வெடித்தால் அன்று தெரியாது, ஒரு மாதம் கழித்து ஒழுகும். அடைப்பு வால்வு உள்ள கேஜை பம்ப் பக்கத்துக் குழாயில் இடையே பொருத்தி வால்வை மூடுங்கள். ரிட்டர்ன் பக்கம் வெறும் ரப்பர் ஹோஸ், அழுத்தம் குறைவு, உருண்டை வாய் உள்ள கிளாம்ப் போதும். பல்லுள்ள கிரிப் பிளையர் வேண்டாம்.

#10 மலைப்பாதை

ஹட்டன்ல எடுத்த அளவு, கிலோபாஸ்கல்ல: ஐட்லிங் 235, வேக்கம் ஹோஸ் கழற்றினா 285. நிறுத்தி 5 நிமிஷத்துல 90. ரிட்டர்னை நசுக்கியும் அப்படியே. வால்வை மூடியும் அப்படியே. வேக்கம் ஹோஸ் காய்ஞ்சு இருக்கு. வெளிய எங்கேயும் ஈரம் இல்லை.

#11 பிளக்_ஸ்பனர்

ஐட்லிங் அளவும் ஹோஸ் கழற்றிய அளவும் சரி. பம்ப் நல்ல பம்ப். இன்ஜெக்டர்தான்.

எந்த இன்ஜெக்டர் என்று பார்க்க: பிடிக்காத நிலையில் விட்டு, அரை மணி ஆறிய பின் நாலு பிளக்கையும் கழற்றுங்க. சுடச்சுடக் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிளக்கோடு வந்துவிடும். ஒன்று மட்டும் கறுத்து நனைந்திருந்தால் அந்த சிலிண்டர். திரும்பப் போடும்போது 18 நியூட்டன் மீட்டர்.

பிறகு ரெயிலை இன்ஜெக்டர்களோடு சேர்த்துத் தூக்குங்க, ஹோஸ்கள் மாட்டியபடியே இருக்கட்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரையும் மெல்லிய கம்பியால் ரெயிலோடு கட்டுங்க, கட்டாவிட்டால் அழுத்தம் ஏறியதும் கழன்று பாயும். சொக்கெட் எல்லாம் கழற்றியே இருக்கணும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கண்ணாடிக் குப்பி. +பி, எஃப்பி இணைத்துப் பம்பை ஓட்டி நுனியைப் பாருங்க. நிமிடத்துக்கு ஒரு துளிக்கு மேல் விழுந்தால் அந்த இன்ஜெக்டர் சரியில்லை. திறந்த வெளியில் செய்யுங்க, பக்கத்தில் அடுப்போ பல்போ வேண்டாம். ஆறிய இன்ஜெக்டர் சில நேரம் ஒழுகாமல் ஏமாற்றும். அதனால் கழற்றியவுடன் சூட்டோடு பார்ப்பது நல்லது.

#12 ரம்பொடை_வளைவு

இன்ஜெக்டர் ஒழுகினால் கொழும்பிலும் ஒழுகத்தானே வேண்டும்? மேலே மட்டும் ஏன்?

#13 பழைய_பெட்ரோல்

கீழேயும் ஒழுகும், அவரும் "குறைவு" என்றுதான் எழுதினார். ஒழுகி மேனிஃபோல்டில் தேங்கும் பெட்ரோல் இரண்டு இடத்திலும் ஒரே அளவு. ஆனால் நுவரெலியாவில் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே போகும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஹட்டனில் ஏழில் ஒரு பங்கு குறைவு. கீழே எரிந்து தப்பிக்கும் கலவை மேலே எரியாத அளவுக்குக் கனத்துவிடுகிறது. ஏற்றத்தால் வந்த கூடுதல் சூடும் சேர்கிறது. இன்னொரு குழப்பமும் உண்டு: ஒழுகும் இன்ஜெக்டர் ஒரு சிலிண்டரை நிரப்பும் அதே நேரம் ரெயிலின் அழுத்தத்தையும் இறக்கிவிடுகிறது. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் கூட, மற்ற மூன்றுக்கும் ஆவி. ஒருவர் "நிரம்புது" என்றும் இன்னொருவர் "ஆவி" என்றும் சொல்வது அதனால்தான். இரண்டு பேரும் பார்த்தது உண்மை.

#14 மலைப்பாதை

மூணாவது சிலிண்டர் பிளக் நனைஞ்சிருக்கு, அதே இன்ஜெக்டர்ல துளி விழுது. சுத்தம் பண்ணினா போதுமா, மாத்தணுமா? கொழும்பு பஞ்சிகாவத்தையில யூஸ்ட் (பழைய) பார்ட்ஸ் கிடைக்கும்.

#15 வயரிங்_அண்ணன்

முதல்ல ஓம் பாருங்க, இந்த வகைக்கு 13.8 அளவுல இருக்கணும். யூஸ்ட் வாங்கினா சொக்கெட் வடிவம் மட்டும் பார்த்து வாங்காதீங்க. உடம்புல பதிச்ச பார்ட் நம்பர் உங்க மூணோடயும் ஒத்துப்போகணும். இல்லைன்னா ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் அளவு மாறி ஐட்லிங் ஆடும்.

#16 பிளக்_ஸ்பனர்

அல்ட்ராசோனிக் மிஷினில் நாலையும் சேர்த்துக் கழுவி, ஒழுக்குச் சோதனையோடு அளவும் எழுதித் தரச் சொல்லுங்க. நுனியில் பிசின் படிந்ததால் ஒழுகினால் கழுவியதும் நிற்கும். ஊசி உட்காரும் இடமே தேய்ந்திருந்தால் எத்தனை தரம் கழுவினாலும் நிற்காது, அதை மாற்றத்தான் வேண்டும். பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் போத்தலை இதற்கு நம்பாதீங்க.

எண்ணெய்க் கம்பியை இழுத்து முகருங்க. அளவு ஏறி பெட்ரோல் வாடை வந்தால் சிலிண்டர் சுவரைக் கழுவி கீழே இறங்கியிருக்கிறது. எஞ்சின் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றாமல் ஒரு ஏற்றமும் ஏற வேண்டாம்.

திரும்பப் பொருத்தும்போது நாலுக்கும் புது ஓ-ரிங், புது கீழ் ரப்பர். ஓ-ரிங்கில் கிரீஸ் வேண்டாம், கொஞ்சம் பெட்ரோல் தடவினால் போதும். ஒவ்வொரு இன்ஜெக்டரையும் இடம் வலமாகத் திருப்பியபடி ரெயிலில் நுழையுங்கள். ரெயிலை போல்ட் போட்ட பின்னும் இன்ஜெக்டரைக் கையால் இலேசாகத் திருப்ப முடியணும். திரும்பவில்லை என்றால் ஓ-ரிங் மடிந்திருக்கிறது, கழற்றிப் புதியது போடுங்க. ஸ்டார்ட் பண்ணும் முன் +பி, எஃப்பி இணைத்துப் பம்பை ஓடவிட்டு, டார்ச் பிடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்க. பிறகு பம்பை நிறுத்தி 5 நிமிடக் கணக்கை மறுபடி எடுத்து, 147க்கு மேல் நிற்கிறதா என்று இங்கே எழுதுங்க.